நிறை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் போன 18 மாதங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டம் முடித்தவள். ஆய்வுத் தலைப்பு வெக்டர் கரும்பொருள். அந்த ஆய்வில் 18 மாத உழைப்பும் 98,500 ரூபாயும் என் கையை விட்டுப் போயின. முதல் வாரத்திலேயே யாராவது என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். கேட்க ஆள் இல்லை. யாரிடம் போய் நிற்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. சிறிய ஊர்களில் இருந்துகொண்டு கோட்பாட்டு இயற்பியல் செய்ய நினைக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா விண்மீன் திரள் கொத்தைப் பார்த்துவிட்டு, அதிலுள்ள விண்மீன் திரள்கள் ஓடும் வேகத்தைப் பிடித்து நிறுத்தக் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதாது என்றார். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை அளந்தபோது, ஓரத்தில் சுற்றுகிறவைகூட எதிர்பார்த்தபடி வேகம் குறையாமல் சுற்றுவது தெரிந்தது. அண்டத்தின் மொத்த ஆற்றல் கணக்கில் நாம் பார்க்கும் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பை மட்டும் காட்டும் கரும்பொருள் சுமார் 27 சதவீதம். அது என்ன துகள் என்று இன்றுவரை யாரும் பிடிக்கவில்லை. தற்சுழற்சி (துகளோடு பிறந்த சுழற்சிப் பண்பு) 0 உள்ள ஸ்கேலார் துகளாக இருக்கலாம், ½ உள்ள ஃபெர்மியானாக இருக்கலாம், ஒளித்துகளான ஃபோட்டானைப் போலத் தற்சுழற்சி 1 உள்ள வெக்டராகவும் இருக்கலாம். மூன்றாவதுதான் என் பாதை. அப்பா ஒருநாள், "ஏங் கண்ணு, அது கடைசியில இருக்குதா இல்லையா?" என்று கேட்டார். "இருக்குதுங்கப்பா, என்னன்னுதான் தெரியல" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் என் முகத்தைப் பார்த்தே கணக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வார்.

என் நெறியாளர் படிக வளர்ப்பில் பல காலம் உழைத்தவர், நல்ல மனிதர். "இது என் துறை இல்லைம்மா, ஆனா நீ செய், கையெழுத்துக்கு நான் இருக்கேன்" என்றார். அது பெரிய மனசு. அதே சமயம், என் கணக்கில் தவறு இருந்தால் கண்டுபிடிக்க ஊரில் ஒருவரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. நெறியாளருக்குத் துறை வேறாக இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே துறைக்குள் இருக்கும் ஒருவரை இணை நெறியாளராகவோ, ஆறு மாத மதிப்பாய்வுக் குழுவில் உறுப்பினராகவோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சேர்ப்பது கடினம். நான் கேட்டபோது படிவம் போன வேகத்தில் ஒரு வருடம் ஓடிவிட்டது.

2021 ஜூலையில் வேலையைத் தொடங்கினேன். மாதிரி எளிமையானது. இதுவரை தெரிந்த துகள்களின் கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலோடு ஒரு புதிய வெக்டர் துகளைச் சேர்த்து, அதற்குக் கையாலேயே ஒரு நிறையைக் கொடுத்து, மற்றத் துகள்களின் நிறைக்குப் பின்னால் இருக்கும் ஹிக்ஸ் துகளோடு நேரடியாக இணைத்தேன். இதை ஹிக்ஸ் வாசல் என்பார்கள். கரும்பொருளுக்கும் நமக்கும் நடுவே ஹிக்ஸ் ஒரு கதவு மாதிரி. இந்த வடிவத்தை 2011இல் லெபடேவ், லீ, மாம்ப்ரினி மூவரும் எழுதிய கட்டுரையில் படித்திருந்தேன். கரும்பொருள் எவ்வளவு மிஞ்சும் என்று கணிப்பதற்கு மைக்ரோமெகாஸ் என்ற இலவச நிரலை எடுத்துக்கொண்டேன். மாதிரியை அதற்குள் கொடுக்கப் பலரும் ஃபெயின்ரூல்ஸ் என்ற நிரலைப் பயன்படுத்துவார்கள். அதற்கு மேத்தமேட்டிகா உரிமம் வேண்டும், எங்கள் கல்லூரியில் இல்லை. அதே வேலைக்கு லான்ஹெப் என்ற நிரல் போதும், அது இலவசம், 8 ஜிபி மடிக்கணினியில் தாராளமாக ஓடும். உரிமம் வாங்கக் கடன் வாங்கலாமா என்று நான் இரண்டு வாரம் யோசித்தேன். தேவையே இல்லை.

முதல் அடி ஒரு ½இல் விழுந்தது. என் வெக்டர் தனக்குத் தானே எதிர்த்துகள். அப்படிப்பட்டதற்குச் சமன்பாட்டில் நிறைக்கான உறுப்பை எழுதும்போது முன்னால் ½ வரும். ஹிக்ஸ் இணைப்பிலும் சிலர் ½ போடுவார்கள், சிலர் ¼ போடுவார்கள், சிலர் எதுவும் போடுவதில்லை. ஒரு கட்டுரையிலிருந்து எண்ணையும் இன்னொன்றிலிருந்து சூத்திரத்தையும் எடுத்துவிட்டேன். ஹிக்ஸோடு பிணைப்பு எவ்வளவு வலு என்று சொல்லும் இணைப்பு எண் 2 மடங்கானால் குறுக்குவெட்டு, அதாவது மோதி அழியும் வாய்ப்பின் அளவு, 4 மடங்காகும்; மிஞ்சும் கரும்பொருளின் அளவு கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடும். மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இதற்கு ஒரே வழிதான். உங்கள் சொந்த மாதிரியைத் தொடுமுன், எல்லாருக்கும் விடை தெரிந்த ஒன்றைக் கணித்துப் பாருங்கள். 1985இல் சில்வெய்ராவும் ஸீயும் முன்வைத்த ஒற்றை ஸ்கேலார் மாதிரி அதற்குத் தோது. ஹிக்ஸ் நிறை 125 ஜிஇவி (துகள்களின் நிறையைச் சொல்லும் அலகு). கரும்பொருளின் நிறை அதன் பாதியான 62.5க்குப் பக்கத்தில் வரும்போது, சரியான அளவு மிஞ்சத் தேவையான இணைப்பு எண் சட்டென்று பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளம் உங்கள் வரைபடத்தில் சரியான இடத்தில், சரியான ஆழத்தில் வந்தால் ½ எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் வேலை.

2022 மார்ச் மாதம் ஓர் இரவு, பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்க, திரையில் மிஞ்சும் கரும்பொருளின் அளவு, துறையில் வழங்கும் அலகில், 0.119 என்று வந்தது. பிளாங்க் செயற்கைக்கோள் குழு 2018இல் கொடுத்த அளவு 0.120. அந்த எண்ணின் பின்னணி இதுதான்: அண்டம் சூடாக இருந்தபோது கரும்பொருள் துகள்கள் ஜோடி ஜோடியாக மோதி அழிந்துகொண்டிருந்தன. அண்டம் விரிந்து, வெப்பநிலை துகளின் நிறையில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கும்போது ஒன்றை ஒன்று சந்திக்க முடியாமல் போகிறது. அப்போது மிஞ்சியதுதான் இன்றைய கரும்பொருள். என் மாதிரியில் மிஞ்சியது வானத்தில் அளந்ததோடு பொருந்திவிட்டது. நோட்டில் தேதி போட்டு, எண்ணைப் பெரிதாக எழுதி, சுற்றிக் கட்டம் கட்டினேன். எழுந்து போய் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். இன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இணைப்பு எண்ணை ஏற்றி இறக்கினால் ஏறக்குறைய எந்த நிறைக்கும் 0.12ஐ வரவழைத்துவிடலாம். பொருத்தம் வந்தது என்பது வேலையின் தொடக்கம். நான் அதை முடிவாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். மாதம் 18,000 வீதம் 72,000 போனது. தம்பி கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய பணத்தில்தான் ஓட்டினேன். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சித்தப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். அமைதியான இடம், அங்கே போய் உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிவாரத்திலிருந்து பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் காது அடைத்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பி மேல் விழும், மின்சாரம் போகும், நெட்டும் போகும். மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்த பிறகு சித்தி வைத்த மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு, மூடுபனியைப் பார்த்தபடி நோட்டில் எழுதுவேன். அமைதி நிறையக் கிடைத்தது. ஆனால் அந்த நான்கு மாதத்தில் இயற்பியல் பற்றி ஒரு மனிதரிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பேச்சு. விடுப்புக்குப் போன 72,000ஐ வைத்து எத்தனை முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வந்திருக்கலாம் என்று பிறகு கணக்குப் போட்டு அழுதிருக்கிறேன்.

அங்கே இருந்தபோதுதான், 2022 ஜூலையில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நிலத்துக்கு அடியில் திரவ செனானை வைத்துக் காத்திருக்கும் லக்ஸ்-செப்லின் சோதனையின் முதல் முடிவு வந்தது. கரும்பொருள் செனான் அணுக்கருவில் மோதிய அடையாளம் எதுவும் இல்லை. என் வரைபடத்தில் பாதிப் பரப்பு அடிபட்டது. மனம் தளரவில்லை, ஏனென்றால் என்னிடம் இன்னொரு "கண்டுபிடிப்பு" இருந்தது. வெக்டரின் நிறை 62.5க்குக் கீழே இருந்தால் ஹிக்ஸ் இரண்டு வெக்டராகச் சிதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். என் சூத்திரத்தில் அந்தச் சிதைவின் வேகம் நிறையின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருந்தது. நிறை குறையக் குறைய வேகம் எகிறியது. ஆகவே இலேசான வெக்டர் கரும்பொருளுக்கு இடமே இல்லை என்று முடிவு கட்டி, அதையே கட்டுரைத் தலைப்பாக்கினேன்.

அடுத்தது பணத் தவறு. நவம்பரில் ஒரு இதழிலிருந்து அழைப்பு மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்புக் கடிதமும், 26,500 ரூபாய்க்கு ரசீதும். மதிப்பீட்டாளர் குறிப்பு இரண்டே வரி. இயற்பியலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பட்டத்துக்கு வெளியீடு வேண்டும், காலக்கெடு நெருங்குகிறது என்ற பயத்தில் கட்டிவிட்டேன். நம் துறையில் இது சுத்தமாகத் தேவையில்லாத செலவு என்று எனக்குத் தெரியாது. ஸ்கோப்3 என்று ஒரு ஏற்பாடு 2014 முதல் இருக்கிறது. செர்ன் ஆய்வுக்கூடம் நடத்தும் கூட்டமைப்பு அது. துகள் இயற்பியலின் முன்னணி இதழ்களுக்கான வெளியீட்டுச் செலவை அதுவே ஏற்றுக்கொள்கிறது. ஜர்னல் ஆஃப் ஹை எனர்ஜி பிசிக்ஸ், யூரோப்பியன் பிசிகல் ஜர்னல் சி, 2018 முதல் பிசிகல் ரிவ்யூ டி-யில் வரும் துகள் இயற்பியல் கட்டுரைகள், இவை எதற்கும் எழுதுபவர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். படிப்பவருக்கும் இலவசம். துகள் இயற்பியல் கட்டுரைக்கு யாராவது பணம் கேட்டால், முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். என் பணம் திரும்பவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டதற்கு இன்னும் ஒரு தொகை கேட்டார்கள், கட்டவில்லை. தவறான அந்தக் கட்டுரை இன்றும் என் பெயரோடு அங்கே இருக்கிறது. அதைவிட வலிக்கிற ஒன்று இந்தக் கதையில் எனக்கு இல்லை.

2023 ஜனவரியில் சென்னையில் ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை. விண்ணப்பம் போட்டதும் இடம் கிடைத்தது. தங்குமிடமும் ரயில் கட்டணமும் அவர்களே கொடுத்தார்கள். இப்படிப்பட்ட பட்டறைகள் முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தன. பெரிய நிறுவனத்து மாணவர்களுக்கு மட்டும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் ஒரு ஆய்வாளரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "இந்த வெக்டருக்கு நிறை எங்கிருந்துங்க வந்தது?" என்றார். கையால் கொடுத்தேன் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "சரி, இது ஏன் சிதையாமல் இருக்கிறது?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கரும்பலகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது நிமிடத்தில் 18 மாதம் முடிந்தது.

முதல் கேள்வியை அப்பாவின் தறியை வைத்துச் சொன்னால்தான் எனக்கே தெளிவாகிறது. அவர் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். தறியில் பாவு நீளவாக்கில் ஓடும், ஊடை குறுக்கே போகும். நிறையில்லாத ஃபோட்டான் தான் போகும் திசைக்குக் குறுக்கே மட்டும்தான் அதிரும், இரண்டே வகை. நிறையுள்ள வெக்டருக்கோ மூன்றாவதாக, போகும் திசையிலேயே, பாவு ஓடும் வாக்கில் ஓர் அதிர்வு உண்டு. ஆற்றல் ஏற ஏற இந்த நீளவாக்கு அதிர்வின் பங்கு, ஆற்றலை நிறையால் வகுத்த விகிதத்தில் பெருகிக்கொண்டே போகும். கையால் நிறை கொடுத்துவிட்டு ஹிக்ஸோடு நேரடியாக இணைத்தால், ஒரு கட்டத்தில் மோதலின் நிகழ்தகவு ஒன்றைத் தாண்டிவிடும். அது நடக்கவே முடியாத விடை. நிறையுள்ள இன்னொரு வெக்டரான டபிள்யூ துகளுக்கு இதே சிக்கல் இருந்தது. 1977இல் பெஞ்சமின் லீ, குயிக், தாக்கர் மூவரும், ஹிக்ஸ் என்ற ஒன்று ஏறத்தாழ 1,000 ஜிஇவிக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உடையும் என்று காட்டினார்கள். 2012இல் அது 125இல் கிடைத்தது. என் வெக்டருக்கும் அதேபோல ஒரு இருண்ட ஹிக்ஸ், அதாவது கரும்பொருள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு ஹிக்ஸ், தேவை. அதை நான் விட்டுவிட்டேன். (ஹிக்ஸ் இல்லாமலே நிறை கொடுக்கும் ஸ்டூக்கல்பெர்க் முறையே தவறு என்று எண்ண வேண்டாம். ஹிக்ஸோடு நேரடியாக இணைக்காத, மிக இலேசான இருண்ட ஃபோட்டான்களுக்கு (கரும்பொருள் பக்கத்து ஃபோட்டான் மாதிரியான துகள்கள்) அது முறையான வழிதான். எதற்கு எது பொருந்தும் என்பதே விஷயம்.)

இருண்ட ஹிக்ஸைச் சேர்த்ததும் என் தலைப்புச் செய்தி மறைந்தது. வெக்டரின் நிறையும் இணைப்பும் ஒரே மூலத்திலிருந்து வருவதால், நிறையைக் குறைத்தால் இணைப்பும் கூடவே குறைகிறது. ஹிக்ஸ் சிதைவு எகிறுவதில்லை, ஒரு அளவோடு நின்றுவிடுகிறது. நான் கண்டுபிடித்ததாக நினைத்தது, விட்டுப்போன ஒரு துகளின் நிழல். செனான் சோதனைக்கான கணக்கும் மாறியது. இரண்டு ஹிக்ஸும் எதிரெதிர்க் குறியோடு பங்களிப்பதால், நிறைகள் நெருங்கும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடும். செத்துவிட்டதாக நான் கோடு போட்ட இடம் உயிரோடுதான் இருந்தது. இதில் முக்கியமானவற்றைப் பியுங்வோன் கோ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2012 டிசம்பரிலேயே எழுதிவிட்டிருந்தார்கள். நான் 2011 கட்டுரையை வரிவரியாகப் படித்தவள். அதற்குப் பிறகு அதைக் குறிப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. துகள் இயற்பியல் கட்டுரைகளைத் தேடும் இன்ஸ்பயர் தளத்தில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியல் ஒரு சொடுக்கில் வரும். ஒரு மாதிரியைக் கையில் எடுக்கும் அன்றே அந்தப் பட்டியலின் தலைப்புகளையாவது முழுக்கப் படியுங்கள். அரை நாள் போதும். எனக்கு அந்த அரை நாள் 18 மாதமானது.

இரண்டாவது கேள்வி இன்னும் எளிமையானது. கட்டுரை முழுமையாகத் தெரியட்டும் என்று ஃபோட்டானோடு சிறு கலப்பு ஒன்றையும் ஒரு வரியில் எழுதியிருந்தேன். கலப்பு எண் ஆயிரம் கோடியில் ஒன்றாக இருந்தாலும், 60 ஜிஇவி வெக்டர் ஒரு மில்லிசெகண்டுக்குள் எலக்ட்ரான், குவார்க் ஜோடிகளாகச் சிதைந்துவிடும். அண்டத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டு. அந்த வரியைத் தடுக்க ஒரு சமச்சீர் வேண்டும். வெக்டரின் குறியைத் திருப்பினாலும் கோட்பாடு மாறக் கூடாது என்று விதிக்க வேண்டும். அல்லது 2009இல் தாமஸ் ஹாம்பை காட்டிய வழியில் போகலாம். அங்கே ஒரே நிறையுள்ள மூன்று வெக்டர்கள். அவற்றைக் காக்கும் சமச்சீர் கட்டமைப்பிலேயே அமைந்துவிடுகிறது, நாம் விதிக்க வேண்டியதில்லை. நிரல் என்னை ஏன் எச்சரிக்கவில்லை? நான் கொடுத்த கோப்பில் அந்தக் கலப்பே இல்லை. மைக்ரோமெகாஸில் துகள் பெயருக்கு முன்னால் ஒரு அலைக்குறி போட்டால் அது கரும்பொருள் பக்கத்துத் துகள் என்று எடுத்துக்கொள்ளும். குறியைப் போட்டது நான். கட்டுரையில் எழுதுவதும் கோப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு உறுப்பாக விரல் வைத்து ஒத்துப் பாருங்கள்.

சேலத்துக்கு ரயிலில் திரும்பும்போது யாரிடமும் பேசவில்லை. இரண்டு வாரம் நோட்டைத் திறக்கவில்லை. விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். அப்பா, பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தானே ஓட்டுகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. தட்டுவடை செட் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். மறுநாள் தொடங்கினேன்.

அடுத்த முறை மின்னஞ்சல் எழுதும் விதத்தை மாற்றினேன். முன்பு 40 பக்கக் கோப்பை இணைத்து, "கருத்துச் சொல்லுங்கள் ஐயா" என்று பதினொரு பேருக்கு அனுப்பி, ஒரு பதிலும் வராமல் இருந்தேன். இப்போது ஒரு பக்கம், ஒரு சமன்பாடு, ஒரே கேள்வி. இரண்டு நாளில் பதில் வந்தது. அப்படிப் பழகிய ஒருவர்தான் பிறகு, இதழில் வருமுன்பே கட்டுரைகளை வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் பதிவேற்றப் பரிந்துரையும் கொடுத்தார்; முதல் முறை போடுகிறவர்களுக்கு அது வேண்டும், கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. 2024இல் ஸ்கோப்3 வரிசையில் உள்ள ஒரு இதழ் புதிய கட்டுரையை ஏற்றது. இரண்டு மதிப்பீட்டாளர்கள், மூன்று சுற்று, ஐந்து மாதம், செலவு இல்லை. ஆய்வேட்டில் பழைய கட்டுரையின் தவறை விளக்கித் தனியாக ஒரு பிற்சேர்க்கை எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். எனக்கு அதிகம் தெரிந்ததும் அதுதான்.

இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்கு இணையத்தில் நான்கு பேர் கூடுகிறோம். ஒருவர் தர்மபுரி, ஒருவர் நாமக்கல், ஒருவர் ஆத்தூர். கையில் மாதிரி இருந்தால் முதலில் நிறை எங்கிருந்து வந்தது, ஏன் சிதையவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வரைபடத்தைத் திறக்க வேண்டும். வரும் ஞாயிறு ஆத்தூர்ப் பெண் ஒற்றை ஸ்கேலார் மாதிரியில் அந்த 62.5 பள்ளத்தை வரைந்து காட்டுகிறாள். போன வாரம் அவளுக்குப் பள்ளம் சரியான இடத்தில் வந்தது, ஆழம் வரவில்லை. எங்கோ ஒரு ½ இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறோம்.